மண்டி நம்பரும் பாய் வீட்டு நம்பரும்

1

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. மண்ணுக்கடியில் ஓடுகிற செம்புக் கம்பிகளை நிறுத்தப்போகிறார்களாம். இனிமேல் வீட்டு டெலிபோனும் இன்டர்நெட் வழியாகத்தான் வரும், எந்தக் கம்பெனி வேண்டுமோ நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், கெடுவுக்குள் சொல்லாவிட்டால் லைன் நின்றுபோகும் என்று எழுதியிருந்தார்கள். நான் மெல்போர்னுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இங்கே எதற்கும் கடிதம் வரும். குப்பைத் தொட்டியின் மூடியை வேறு நிறத்தில் மாற்றுவதற்குக்கூட இரண்டு கடிதம் வந்தது.

என் மகன் குமார் ஞாயிற்றுக்கிழமை மூன்று கம்பெனிகளின் காகிதங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பிவிட்டான். ஒன்று மலிவு, ஆனால் இந்தியாவுக்குப் பேசினால் நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்கு. இரண்டாவதில் இந்தியாவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மூன்றாவதில் ஒரே லைனில் இரண்டு நம்பர் தருவார்கள். மருமகள் ரேவதி வீட்டிலிருந்தே சேலை வியாபாரம் செய்கிறாள். அவளுக்கு அந்த மூன்றாவதின் மேல் கண். மூன்றிலும் ஒரு குறை உண்டு. கரண்ட் போனால் போனும் போய்விடும். எங்கள் ஊரில் கரண்ட் இல்லாத நாளிலும் போன் மட்டும் மணி அடிக்கும். அதைச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. பேத்திகள் இரண்டும் இங்கிலீஷில் என்னமோ சொல்லிச் சிரித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்கள்.

குமார் பழைய பில்லைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, அக்காவுக்கு வாரம் தவறாம பண்றீங்க. ஆனா இதப் பாருங்க. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், ஒரு நிமிஷம். வருஷம் பூரா ரெண்டு நிமிஷத்தத் தாண்டுனது ஒண்ணுகூட இல்ல. இதுக்கு எதுக்குப்பா அன்லிமிடெட்?"

"வேணாம்னா வுடு."

"வேணாம்னு சொல்லல. அப்படி என்னதான் பேசிக்குவீங்க ரெண்டு பேரும்?"

சாப்டியா கண்ணு? சாப்டனுங்கப்பா. மழ பேஞ்சுதா? பேஞ்சுதுங்கப்பா. உடம்பு? பரவால்லீங்கப்பா. வெச்சுடட்டா? சரிங்கப்பா. இவ்வளவுதான் பேச்சு. என் மகள் செல்வி பாலக்கோட்டில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் உதவியாளர். அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவளிடம் நான் ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருக்கிறேன். அதனால்தான் எனக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேச்சு வருவதில்லை. குமாரிடம் இதை எப்படிச் சொல்வது? அப்போது அவன் ஐந்து வயதுப் பிள்ளை.

2

முதியவர் பெயரில் இருந்தால் சலுகை உண்டு என்று யாரோ சொல்லி, குமார் அந்தப் பழைய லைனை என் பெயரில் வாங்கியிருந்தான். அதனால் வேறு கம்பெனிக்கு மாற்றும்போது நான்தான் என் வாயால் சம்மதம் சொல்ல வேண்டுமாம். குமார் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். ஒரு வெள்ளைக்காரப் பெண் என் பிறந்த தேதியைக் கேட்டாள். அது நான் முதன்முதலாக வெளிநாடு போனபோது ஏஜென்ட் பாஸ்போர்ட்டுக்காக வைத்த தேதி. என்னைக் கேழ்வரகு அறுப்பில் பெற்றதாக என் ஆத்தா சொல்லியிருக்கிறாள். அதற்குமேல் எனக்குத் தெரியாது. ஏஜென்ட் தேதியை இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். மூன்றாவது தடவை குமார் எடுத்துக்கொடுத்தான். அந்தப் பெண் உடனே நிறுத்திவிட்டாள். மகன் சொல்லக்கூடாதாம். தமிழ் தெரிந்த ஆளை லைனில் கூப்பிடுகிறேன், இருங்கள் என்றாள்.

வந்தவர் இலங்கைத் தமிழ் பேசுகிற அம்மா.

"வணக்கம் ஐயா. அவ சொல்லுறத நான் தமிழில சொல்லுறன். ஸ்பீக்கர நிப்பாட்டிப்போட்டு, போனக் காதில வையுங்கோ. மகனக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லுங்கோ."

குமார் முகத்தைச் சுளித்தான். "ரூல்ஸ்ப்பா. எது கேட்டாலும் எஸ்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் போனான்.

"பக்கத்தில ஆரும் நிக்கினமோ ஐயா?"

"இல்லீங்கம்மா."

"ஆரும் சொல்லித் தந்து நீங்கள் சொல்லேல்லத்தானே? உங்கட விருப்பத்தோடதான் ஓம் எண்டு சொல்லுறியள்?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஐயா, லைனில நிக்கிறியளோ?" என்றார்.

"நிக்கறம்மா."

"அவசரமில்ல. ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"வேணாம்னும் சொல்லலாமுங்களா?"

"ஓம், சொல்லலாம். அதுக்குத்தானே கேக்கினம்."

ஒரு டெலிபோன் லைனை மாற்றுவதற்கு இத்தனை கேள்வி. நான் இரண்டாவது கம்பெனியைச் சொன்னேன், இந்தியாவுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்கிற கம்பெனியை. ரேவதிக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் போனை வைத்த பிறகும் நான் எழுந்திருக்காததைப் பார்த்து, சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்தேன். சர்க்கரை எல்லாம் இறங்கவில்லை. ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்கு முன்னால் நானும் போனில் ஒருத்தியிடம் சம்மதம் கேட்டேன். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்கவில்லை. யார் நிற்கிறார்கள் என்று தெரிந்திருந்ததால்தான் கேட்கவில்லை.

3

எண்பதுகளில் நான் மஸ்கட்டுக்குப் போனேன். கட்டட வேலை. பள்ளிக்கூடம் பக்கம் போகாதவன், எண் மட்டும் தெரியும். எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் பிற்பாடு அங்கே கேம்பில் கூட இருந்த ஒரு வேலூர்க்காரர் புண்ணியத்தில்.

அப்போது மாரண்டஹள்ளியில் போன் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். சொந்தமாகப் போன் கேட்டு மனுப் போட்டால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஆளாளுக்கு, தெரிந்தவர் வீட்டு நம்பரையோ கடை நம்பரையோ கொடுத்து, அதன் பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொள்வார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடித்திருக்கும். அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் அவர்கள் ஆள் அனுப்பி நம் வீட்டாரைக் கூட்டிவந்து பேச வைப்பார்கள். ஊரைவிட்டுப் போகிறவன் முதலில் முடிவு செய்ய வேண்டியது, யாருடைய பி.பி. என்பதைத்தான்.

எனக்கு இரண்டு இடம் இருந்தது. ஒன்று என் அண்ணன் பெருமாளின் தக்காளி மண்டி. சந்தைத் தெருவில் நல்ல இடம். ஓசூர் லாரிகள் அங்கேதான் நிற்கும். அண்ணனுக்குப் போன் வந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமையானால் சாமி படத்தோடு போனுக்கும் ஒரு முழம் பூ வைப்பார்.

இன்னொன்று ரஹீம் பாயின் இரும்புக்கடை. மண்வெட்டி, கடப்பாரை, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலைக்கு இரும்பு எல்லாம் அவரிடம்தான் வாங்குவோம். கடைக்குப் பின்னால் அவர் வீடு. கடைப் போனிலிருந்து ஒரு கம்பி இழுத்து வீட்டுக்குள்ளும் ஒரு போன் வைத்திருந்தார்.

நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் பாய் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "மாதையா, நம்ம நம்பர எழுதிக்க. உம்பொண்டாட்டி கடைக்கு வர வேணாம். சந்து வழியா உள்ளார வந்து, எங்கூட்டுப் பொம்பளைங்களோட உக்காந்து நிம்மதியா பேசட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி கோவிந்தம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த நம்பரே இருக்கட்டுங்க."

"அண்ணன் மண்டி இருக்கறப்ப?"

"மண்டியில அத்தன ஆம்பளைங்க முன்னாடி நின்னு நான் என்னத்தப் பேசறது? மாமா வேற உக்காந்திருப்பாங்க. பாய் வூடுன்னா உள்ளார உக்காந்து பேசலாமுங்க."

அவள் மாமா என்றது என் அண்ணனை. எங்கள் பக்கத்தில் தம்பி பெண்டாட்டி, கணவனின் அண்ணன் எதிரில் உட்காரமாட்டாள். நேராகப் பேசவும் மாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று, பக்கத்தில் இருக்கிற குழந்தையைப் பார்த்துச் சொல்வதுபோல, "பெரியப்பாவச் சாப்புட வரச்சொல்லு" என்பாள். குழந்தை இல்லாவிட்டால் தூணைப் பார்த்துச் சொல்வாள். பதினேழு வருஷத்தில் என் அண்ணனும் கோவிந்தம்மாவும் ஒருவரையொருவர் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை மரியாதை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அண்ணன் காதுக்குப் பாய் சொன்னது எப்படியோ போய்விட்டது. மறுநாள் மண்டியில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா, கூடப் பொறந்தவன் மண்டியில போனு இருக்கறப்ப, உம்பொண்டாட்டி இன்னொருத்தன் வூட்டு வாசல்ல போயி நின்னா ஊரு என்னடா பேசும்? நான் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சுக்கறது?"

"பொம்பள கூச்சப்படுதுங்கண்ணா."

"எதுக்குக் கூச்சம்? நான் என்ன புலியா? எம்மேல நம்பிக்க இல்லன்னா சொல்லிடு. வூடு கட்டறதையும் வேற ஆளப் பாத்து வுட்டுட்டுப் போ."

மஸ்கட்டிலிருந்து நான் அனுப்பப்போவதை வைத்து வீடு கட்டுவது அண்ணன் பொறுப்பு என்று ஏற்கனவே பேசிவைத்திருந்தோம். நான் மண்டி நம்பரையே எழுதிக்கொண்டேன். கோவிந்தம்மாவிடம் சொன்னேன். முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

4

மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவு. மாசத்தில் கடைசி வெள்ளிக்கிழமை டெலிபோன் ஆபீசுக்குப் போய் வரிசையில் நிற்பேன். நம்பரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம். பம்பாய், மெட்ராஸ், தர்மபுரி என்று கைமாறிக் கைமாறி லைன் மாரண்டஹள்ளி எக்சேஞ்சுக்கு வரும். அங்கே ஒரு பெண் ஆபரேட்டர் இருந்தார். எல்லோரும் எக்சேஞ்சு அக்கா என்போம். "மண்டிக்குக் குடுக்கறேன், இருங்க" என்று அவர் குரல் கேட்டதும் எனக்கு வீட்டுக்கே வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

கோவிந்தம்மா காலையிலேயே இரண்டு மைல் நடந்து வந்து, மண்டி ஓரத்தில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் காத்திருப்பாள். அண்ணன் முதலில் பேசுவார். வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டது, மழை, அரசியல் எல்லாம் முடிந்த பிறகு, "இந்தா, பேசட்டும்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லி ரிசீவரை மேஜைமேல் வைப்பார். அவள் எடுப்பாள்.

"நல்லா இருக்கறியா?"

"ம்."

"பசங்க?"

"ம். இருக்குதுங்க."

"ஏதாச்சும் வேணுமா?"

"ஒண்ணும் வேணாங்க."

பின்னால் தக்காளிக் கூடை இறக்குகிற சத்தம் கேட்கும். ஏலம் போடுகிற ஆள் கன்னடத்திலும் தமிழிலும் கலந்து கத்துவான். அவள் குரல் அதற்குள் அமுங்கிப்போகும். கேம்புக்குத் திரும்பி வந்து, வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று கூட இருக்கிறவர்களிடம் சொல்வேன். கடிதம் வரும்தான். அதையும் மண்டிக் கணக்குப்பிள்ளைதான் எழுதுவார். அண்ணன் சொல்லச் சொல்ல எழுதுவார்.

5

இரண்டாவது வருஷம், கார்த்திகை மாசம் என்று நினைக்கிறேன். செல்வி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அண்ணன் மழையைப் பற்றிப் பேசவில்லை.

"மாதையா, செல்விக்கு நல்ல எடம் ஒண்ணு வந்திருக்குது. வேற யாருமில்ல, நம்ம சின்னராசுதான்."

சின்னராசு அண்ணியின் தம்பி. முப்பது தாண்டியவன். முதலில் கட்டிய பெண் ஆறு மாசத்தில் போய்விட்டாள். ஏன் போனாள் என்பது பென்னாகரம் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

"அவனுக்கு வயசு..."

"வயசென்ன வயசு? கெணறு இருக்குது, மோட்டாரு இருக்குது. கண்ணு முன்னாடி இருக்கற பையன். நான் வாக்குக் குடுத்துட்டன்."

"கோவிந்தம்மாகிட்டக் குடுங்கண்ணா."

ரிசீவர் மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. வளையல் சத்தம் கேட்டது.

"ஒனக்குச் சம்மதமா?"

பேச்சில்லை.

"கேக்கறது காதுல வுழுதா? சம்மதமான்னன்."

"நீங்க சொன்னாச் சரிங்க."

"செல்வி அங்க இருக்குதா? குடு."

செல்வி வாங்கினாள். "அப்பா."

"என்ன கண்ணு, பெரியப்பா சொன்னாங்களா?"

"ம். நீங்க எப்பப்பா வருவீங்க?"

"அடுத்த வருசம் வந்துடுவன்."

"இப்ப வர முடியாதாப்பா?"

"லீவு குடுக்கமாட்டாங்க கண்ணு. நீ என்ன சொல்ற?"

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பெரியப்பா பக்கத்துலதாம்பா நிக்கறாங்க."

எனக்குப் புரியாமல் இல்லை. இதை எழுதுவதற்கு இத்தனை வருஷம் ஆனதே அதனால்தான். புரிந்தது. ஆனால் நான் சொன்னது, "அப்பறம் என்ன, பெரியப்பா பாத்துக்குவாங்க. தைரியமா இரு." அவ்வளவு சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

6

அதற்கடுத்த வாரம் புதன்கிழமை, வேலை முடிந்து கேம்புக்கு வந்ததும் ஆபீஸ் கிளார்க் ஒரு சீட்டைக் கொடுத்தார். "உன் வீட்டிலிருந்து ஒரு அம்மா பேசினார். நாளைக்குப் பகல் பூரா இந்த நம்பரில் காத்திருப்பாராம். அவசியம் கூப்பிடச் சொன்னார்." சீட்டில் இருந்த எழுத்து எனக்குத் தெரியவில்லை. நம்பரைப் பார்த்ததும் அது மண்டி இல்லை என்று தெரிந்தது. பாய் ஒரு காலத்தில் எனக்குச் சொன்ன நம்பர்.

கோவிந்தம்மா பாய் வீட்டுக்குப் போய், பாயின் மனைவி மும்தாஜம்மாவிடம் சொல்லி, அவசரத்துக்கென்று நான் கொடுத்து வைத்திருந்த கேம்ப் நம்பருக்கு டிரங்க் கால் போட்டிருக்கிறாள். வாழ்நாளில் தானாக ஒரு போன் போட்டது அவள் அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை மேஸ்திரியிடம் அரைநாள் கேட்டுக்கொண்டு டெலிபோன் ஆபீசுக்குப் போனேன். வழியெல்லாம் யோசனை. அந்த நம்பருக்குப் பேசினால் அவள் வேண்டாம் என்பாள். செல்வியும் வேண்டாம் என்பாள். அதைக் கேட்டுவிட்டால் அண்ணனிடம் நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. அதோடு கோபமும் வந்தது. வீட்டு விஷயத்தைக் கொண்டுபோய் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து பேசுகிறாளே, அண்ணனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று. கவுண்டரில் இருந்தவர் நம்பர் கேட்டார். சீட்டு சட்டைப்பையில் இருந்தது. நான் எடுக்கவில்லை. வாயில் வந்தது மண்டி நம்பர்.

போனை எடுத்தது அண்ணன். வியாழக்கிழமையில் நான் கூப்பிட்டது அவருக்கு ஆச்சரியம்.

"என்னடா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா. கோவிந்தம்மா பாய் வூட்லருந்து போன் பண்ணுச்சாம். என்ன ஏதுன்னு தெரியல. அதான் நீங்க கொஞ்சம் பாருங்க."

"சரி. நீ வை. நான் பாத்துக்கறன்" என்றார்.

அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதை ஊருக்கு வந்த பிறகு மும்தாஜம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். கோவிந்தம்மாவும் செல்வியும் காலையிலிருந்து அவர்கள் வீட்டுக்குள் போனுக்குப் பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். செல்வி பள்ளிக்கூடம் போகவில்லை. சாப்பிடச் சொன்னால், பேசிவிட்டுச் சாப்பிடுகிறோம் என்றார்களாம். மணி அடித்தபோதெல்லாம் இரண்டு பேரும் எழுந்து நின்றார்களாம். இரும்பு கேட்டு வந்த போன்கள்தான் எல்லாம். சாயங்காலத் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்கிற நேரத்துக்கு என் அண்ணன் கடை வாசலில் வந்து நின்று சத்தம் போட்டிருக்கிறார்.

"உள்ளார இருக்கற பொம்பளைய வெளிய வரச்சொல்லுங்க!"

"பெருமாளண்ணே, சத்தம் போடாதீங்க. உள்ளார பொம்பளைங்கதான் இருக்கறாங்க" என்று பாய் சொன்னாராம்.

"எக்சேஞ்சுல எனக்கு எல்லாஞ் சொல்லிட்டாங்க. மறைக்கப் பாக்காதீங்க."

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். அண்ணன் முன்னால் நடக்க, அவர்கள் பின்னால் நடந்து போனார்கள். தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது. போட்டோ ஒன்று அனுப்பினார்கள். கேம்பில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

7

மறு வருஷம் ஊருக்கு வந்தேன். வந்த அன்றைக்குக் கோவிந்தம்மா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பாய் வூட்லருந்து ஒரு தாக்கல் சொன்னமே. ஒங்களுக்கு வல்லீங்களா?"

"வல்லையே" என்றேன்.

"அப்பவே நெனச்சன். அந்த எக்சேஞ்சுக்காரி எல்லாத்தையும் ஒட்டுக்கேட்டு மாமாகிட்டச் சொல்லிட்டா. நாசமாப் போறவ."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கு நான் அவருக்கு நன்றியோடு இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் காறித் துப்புவீர்கள். ஆனால் இருந்தேன்.

செல்வி நாலு வருஷத்தில் இரண்டு குழந்தைகளோடும் நெற்றியில் ஒரு தழும்போடும் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் நம்பி நிற்கவில்லை. நான் மஸ்கட்டுக்கும் ஊருக்குமாக இருந்தேன். குமார் படித்தான், சேலத்தில் என்ஜினீயரிங் முடித்தான், இங்கே வந்தான்.

ஒரு தடவை நாங்கள் தீர்த்தமலைக்குப் போனோம். மலை ஏறும்போது கோவிந்தம்மாவுக்கு மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்துவிட்டாள். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு வயதான அம்மா நின்று, தன் கையிலிருந்த செம்பை நீட்டினார்.

"குடிங்கம்மா. மேல தீர்த்தத்துல புடிச்ச தண்ணி."

எக்சேஞ்சு அக்கா. ரிட்டயர் ஆகியிருந்தார். குரலை வைத்து நான் கண்டுபிடித்தேன். கோவிந்தம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அந்த அம்மா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"அவங்க விரதமுங்க" என்றேன்.

ஒரு பாவமும் செய்யாத அந்த அம்மாவை என் மனைவி சாகும்வரைக்கும் திட்டினாள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட ஒருநாள் அந்தப் பேச்சு வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் போய்ப் பதிமூன்று வருஷம் ஆகிறது. அடுத்த வருஷமே குமார் என்னை இங்கே அழைத்துக்கொண்டான்.

8

புதுப் போன் போன வாரம் வேலை செய்ய ஆரம்பித்தது. சின்னப் பெட்டி ஒன்று, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். ஊரில் அப்போது காலை. செல்வி வேலைக்குக் கிளம்புகிற நேரம் என்று தெரிந்தும் கூப்பிட்டேன்.

"சாப்டீங்களாப்பா?"

"சாப்டன். கண்ணு, ஒரு விசயம் சொல்லணும். ஒனக்கு நேரம் இருக்குதா?"

"சொல்லுங்கப்பா. பஸ்சுக்கு இன்னும் கா மணி இருக்குது."

"அன்னைக்குப் பாய் வூட்லருந்து அம்மா தாக்கல் சொல்லுச்சே. அது எனக்கு வந்துச்சு."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சீட்டு எங்கையிலதான் இருந்துச்சு. நான்தான் மண்டிக்குப் போன் பண்ணிப் பெரியப்பாகிட்டச் சொன்னன். எக்சேஞ்சு அம்மா ஒண்ணும் சொல்லல. நான்தான்."

திட்டுவாள் என்று இருந்தேன். அழுவாள் என்று நினைத்தேன். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போவது இங்கே வரைக்கும் கேட்டது. இந்த இன்டர்நெட் போனில் எல்லாம் துல்லியமாகக் கேட்கிறது.

"செல்வி."

"இருக்கறம்பா." குரல் மாறியிருந்தது. "அம்மா இருந்தப்பச் சொல்லியிருக்கலாமில்லப்பா."

"சொல்லியிருக்கலாம்."

"அது அந்தப் பொம்பளையத் திட்டித் திட்டியே போய்ச் சேந்துச்சு."

"தெரியுங் கண்ணு."

பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நீங்க அந்த நம்பருக்குப் பண்ணியிருந்தா நான் என்ன சொல்றதா இருந்தன் தெரியுமா? காலையிலருந்து மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தன். பாயம்மாகிட்டயும் ஒரு தடவ சொல்லிக் காட்டுனன். சரியா இருக்குதான்னு கேட்டன்."

"சொல்லு கண்ணு."

"கல்யாணம் வேணாம்னு சொல்றதா இல்லப்பா. அதெல்லாம் சொல்ல எனக்குத் தைரியம் ஏது? பரிச்சைக்கு இன்னும் கொஞ்ச மாசந்தான் இருக்குது, பங்குனியில பத்தாவது எழுதிட்டு வந்துடறன், அப்பறம் நீங்க யாரச் சொன்னாலும் கட்டிக்கறன், அதுவரைக்கும் மட்டும் பெரியப்பாவ இருக்கச் சொல்லுங்கன்னு. அவ்ளோதாம்பா. அத மட்டுந்தான் கேக்கறதா இருந்தன்."

அண்ணனிடம் சண்டை போட வேண்டியிருக்கும், வாக்கு முறிந்துபோகும், வீடு நின்றுபோகும் என்றெல்லாம் பயந்துதானே அந்தச் சீட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அவள் கேட்க வந்தது நாலு மாசம். நாலு மாசம் பொறுத்திருங்கள் என்றால் அண்ணன்கூடச் சரி என்றிருப்பார். அந்த நாலு மாசத்துக்குள் என்னென்னவோ மாறியிருக்கலாம். மாறாமலும் போயிருக்கலாம்.

அவள் லைனிலேயே இருந்தாள். என் பதிலுக்காகக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. ஐம்பது தாண்டியவள், பேரன் எடுத்தவள்.

"எழுதிக்க கண்ணு" என்றேன். "பெரியப்பாகிட்ட நான் சொல்லிக்கறன். நீ போயி எழுது."

அவளுக்கு பஸ் போய்விட்டிருக்கும். போனை அவள் வைக்கவில்லை.